லுப்னாவின் மோதிர விரல்

காலடிப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறியதும் வரும் பத்துக்குப் பத்து அறைதான் நர்மதாவின் கடை. நகத்துக்கு வேலை செய்கிறவள் அவள். நகத்தைச் சீராக்குவாள், நீட்டுவாள், ஜெல் பூசுவாள், அதன் மேல் கோடோ பூவோ முத்தோ கேட்டதை வைப்பாள். அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, குனிந்து பார்க்க ஒரு விளக்கு, ஜெல்லை இறுகவைக்கக் கையளவில் ஒரு யூவி பெட்டி. வெளியே பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஒருத்தி சொல்லி இன்னொருத்தி என்று வந்தவர்கள்தான் எல்லோரும். ஒரு சமயத்தில் ஒருத்திக்குத்தான் இடம். ஒருத்திக்கு இரண்டரை மணி நேரம், ஆயிரத்து நானூறு ரூபாய்.

அண்ணா நகரில் பெரிய பார்லர் ஒன்றில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி யார் சொல்லுக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று வெளியே வந்தவள் அவள். அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். புருஷன் மனோகரனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் ஆடாமல் இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுகிறவன். நகத்துக்குச் சாயம் பூசிக் குடும்பம் நடத்தலாம் என்று சொன்னபோது இரண்டு பேருமே சிரித்தார்கள். மூன்று வருஷத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம்தான், போன ஆடி மாசம், தேரடிப் பக்கம் 'பளிச் நெயில் பார்' திறந்தது.

கண்ணாடிக் கதவு, ஏசி, எட்டு மேஜை, எட்டுப் பெண்கள். 'நாற்பதே நிமிஷம், பத்து விரலும் நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது' என்று மெட்ரோ தூணில் பாதியை மறைக்கும் அளவுக்கு ஒரு பேனர். முதல் வாரம் நர்மதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் மூன்று பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. மூன்றாவது வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மாடிப்படியில் யார் செருப்புச் சத்தமும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஜெராக்ஸ் கடைக்காரர் தண்ணீர் பிடிக்க ஏறி வந்த சத்தம்தான். இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்த வங்கி ஊழியர் ஒருத்தியை மெட்ரோ வாசலில் பார்த்தாள். அவள் சட்டென்று கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் நர்மதா பார்த்துவிட்டிருந்தாள். ஓரமெல்லாம் மேடு தட்டி, தோலில் வழிந்த ஜெல்.

"நானும் கொறைக்கப் போறேன் மாமா" என்றாள் அன்று மனோகரனிடம்.

ஷிஃப்ட் முடிந்து வந்து, மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான் அவன். "அவன் பதினாறு கைய வச்சிகினு தொழில் பண்றான்மே. உனுக்கு கீறது ரெண்டு கை."

"அதுக்கு? சும்மா குந்திகினு இருக்க சொல்றியா?"

அவன் சோற்றைப் பிசையத் தொடங்கினான். அவன் சொன்னதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை. அறுநூறு ரூபாய், ஒரு மணி நேரம் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள்.

வந்தார்கள். ஒரே வாரத்தில் நாளைக்கு ஐந்து பேர். ஒருத்தி உள்ளே இருக்கும்போதே அடுத்தவள் மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். இரண்டரை மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் அடக்க வேண்டுமென்றால் எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். பழைய ஜெல்லை எடுக்க விரல்களை அசிட்டோனில் ஊறவைத்துப் பதினைந்து நிமிஷம் காத்திருப்பாள் முன்பெல்லாம். இப்போது டிரில்லை வைத்துச் சீவினாள். ஒவ்வொரு நகத்தையும் விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள் முன்பெல்லாம். இப்போது ஒரு பார்வை, அவ்வளவுதான். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஆனாலும் படியில் ஆள் காத்திருப்பதைப் பார்த்தால் மனசுக்கு ஒரு தெம்பு. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைதான் லுப்னா வந்தாள். ராஜாஜி சாலையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசில் வேலை செய்யும் பெண். வண்ணாரப்பேட்டைக்காரி. இரண்டு வருஷமாக வருகிறாள். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து எழுந்துபோகும் வரை வாய் மூட மாட்டாள். அன்றைக்குப் பேச்செல்லாம் நிக்காஹ் பற்றித்தான். இன்னும் இருபது நாள் இருந்தது.

"இப்போ சும்மா நடுவுல டச்சப் பண்ணி வுடுங்கக்கா. கல்யாணத்துக்கு முந்தன நாள் வந்து கிராண்டா போட்டுக்கறேன்."

இடது கை மோதிர விரலுக்கு வந்தபோது நர்மதாவின் கண்ணில் அது பட்டது. நகத்தின் ஓரத்தில், மயிரிழை அளவுக்கு, பழைய ஜெல் எழும்பியிருந்தது. அப்படி எழும்பினால் அந்த இடுக்கில் தண்ணீர் போய் நிற்கும். அந்த நகத்தை மட்டும் முழுக்க எடுத்து, உலரவிட்டு, புதிதாகப் போட வேண்டும். குறைந்தது இருபத்தைந்து நிமிஷம். படியில் காத்திருந்தவள் ஒருமுறை இருமினாள். நர்மதா தூரிகையை எடுத்து, இடுக்கின் மேலேயே ஜெல்லைத் தடவி, வழித்து, பெட்டிக்குள் கையை வைக்கச் சொன்னாள். வெளியே பார்க்க ஒன்றுமே தெரியவில்லை. பளபளவென்று அழகாக இருந்தது.

பதினோரு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை நாலரை மணிக்கு லுப்னாவின் போன்.

"அக்கா, ஒரு போட்டோ அனுப்பிகிறேன். பாருங்களேன்."

நர்மதா பார்த்தாள். மோதிர விரல். இளஞ்சிவப்பு ஜெல்லுக்கு அடியில், ஓரத்திலிருந்து நடுவரைக்கும், குளத்துப் படியில் பாசி பிடித்த மாதிரி ஒரு பச்சை.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லக்கா. பார்க்கத்தான் கலீஜா கீது. எல்லாம் அந்த பளிச்சுக்காரங்க வேல. போன வாரம் கட்டை விரல் நகத்து நுனி ஒடஞ்சிடுச்சி. உங்களாண்ட வர டைமில்ல, போற வழியில அங்க பூந்து ஒட்டிகினேன். எல்லா வெரலுக்கும் மேல ஒரு கோட் ஃப்ரீயா அடிச்சி வுட்டாங்க. அதுலதான் இன்னாவோ ஆயிருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "இப்போ கேட்டா, மேல டார்க் மெரூன் போட்டா தெரியாது, இருவது நிமிசத்துல முடிச்சிடலாம்னு சொல்றாங்க. போட்டுக்கட்டுமா?"

நர்மதா பதில் சொல்ல வேண்டியதில்லை. பழி தானாகவே வழி கேட்டுக்கொண்டு வேறொருவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 'ஆமா, அவங்க வேலதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பளிச்சுக்கு ஒரு கெட்ட பெயர், இவளுக்கு ஒரு நல்ல பெயர். ஆனால் போன் திரையில் இருந்த பச்சை, அன்று அவள் தூரிகையால் மூடிய அதே ஓரத்திலிருந்துதான் கிளம்பியிருந்தது. அதை அவளைத் தவிர யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவளை என்னவோ செய்தது.

"மேல எதையும் போடாத. யாரையும் போட வுடாத. கைய தண்ணில வைக்காத. நான் இப்போவே வூட்டுக்கு வர்றேன்."

உள்ளே உட்கார்ந்திருந்தவளிடமும் படியில் இருந்தவளிடமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏறினாள். வண்ணாரப்பேட்டையில் இறங்கி எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள். கல்யாணப் பெண்ணின் நகம் விழுந்துவிட்டால்? கிருமி விரலுக்குள் இறங்கிவிட்டால்? நல்ல நாளில் கையில் கட்டுப் போட்டு உட்காரவைத்துவிட்டால்?

லுப்னாவின் அப்பா சௌக்கத் அலியின் லுங்கி மொத்தக் கடைக்கு மேல்தான் வீடு. கூடம் முழுக்கத் துணிப் பைகள், பாத்திர அட்டைப் பெட்டிகள். லுப்னாவின் அம்மா சாபிரா ஒரு நாற்காலியைக் காலிசெய்து கொடுத்தார். நர்மதா பஞ்சை நனைத்து விரலில் வைத்து, மேலே ஃபாயில் காகிதத்தைச் சுற்றினாள். டிரில்லைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பதினைந்து நிமிஷம் ஆகும் என்றாள். லுப்னாகூட அன்றைக்குப் பேசவில்லை. ஃபாயிலைப் பிரித்து, இளகிய ஜெல்லை மரக்குச்சியால் மெல்ல மெல்லத் தள்ளினாள். வராத இடத்தில் வலிந்து தள்ளாமல் மறுபடி ஊறவைத்தாள். முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் வெறும் நகம் வெளியே வந்தது. பச்சை, நகத்திலேயேதான் ஏறியிருந்தது.

"பாவிங்க" என்றார் சாபிரா. "நாளைக்கே அந்தக் கடைக்குப் போயி நாலு வார்த்த கேக்கறேன்."

நர்மதா மரக்குச்சியைக் கீழே வைத்தாள்.

"அவங்க இல்லம்மா. நான்தான்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கி இந்த வெரல்ல ஜெல் தூக்கிகினு இருந்திச்சி. நான் பாத்தேன். எடுத்துட்டுப் போட்டா லேட்டாவும்னு அப்பிடியே மேல பூசி வுட்டுட்டேன். தண்ணி பூந்தது அது வழியாதான். அவங்க மேல ஒரு கோட் போட்டாங்க, அவ்ளோதான்."

தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரன் ஏலம் போடுகிற சத்தம் கேட்டது. சாபிராவின் முகம் இறுகியது.

"பாத்துட்டா வுட்ட?"

"ஆமாம்மா."

"ஒம்போது நாளு கீது நிக்காஹ்க்கு. ஒனக்குத் தெரியும்தான? எம்பொண்ணு உங்கிட்ட ரெண்டு வருசமா வந்துகினுகீறா. அக்கா அக்கான்னு உசுர வுடுவா."

"தெரியும்மா."

"நகம் வுழுந்துடுமா?"

"எனுக்குத் தெர்லம்மா. தெரிஞ்ச மாதிரி எதுவும் சொல்லக்கூடாது. காலைல தோல் டாக்டராண்ட காட்டலாம். நானும் வர்றேன்."

"நீ வரத் தேவையில்ல."

"வர்றேம்மா" என்றாள் நர்மதா. லுப்னா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவும் இல்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த மனோகரனிடம் இட்லித் தட்டு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள், இனி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வராது, கடையை மூடவேண்டியதுதான் என்று முடித்தாள்.

அவன் சட்னியை வழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். "கட்டுன கம்பி லூசா கீதுன்னு தெரிஞ்சா, நாங்க கப்பல் கெளம்புற நேரமா இருந்தாலும் நிறுத்தி சொல்லிடுவோம்மே. மேல கீறவன் கண்டபடி பேசுவான். பேசிட்டுப் போறான். சொல்லாம கீழ எறங்குனா அது வேற பேஜாரு." எழுந்து கை கழுவப் போனவன் திரும்பிப் பார்த்தான். "நானும் வரட்டா டாக்டராண்ட?"

"வேணாம். நீ தூங்கு."

தண்டையார்பேட்டையில் அந்தத் தோல் டாக்டரின் கிளினிக்கில் பதினான்காம் நம்பர் டோக்கன் கிடைத்தது. நர்மதா ஒரு பெஞ்சில், தாயும் மகளும் எதிர் பெஞ்சில். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். நர்மதா சுவரில் ஒட்டியிருந்த படர்தாமரைப் படத்தை மனப்பாடமாகும் அளவுக்குப் பார்த்தாள்.

டாக்டர் அம்மா ஐம்பது வயதுக்காரர். லுப்னாவின் விரலை வாங்கி, வட்டக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகத்தை அழுத்தினார். சுற்றியிருந்த தோலை அழுத்தினார். வலிக்கிறதா, நாற்றம் இருந்ததா, எத்தனை நாளாக என்று கேட்டார். நர்மதா கதவோரமாக நின்றாள்.

"நகத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றார் டாக்டர். "ஜெல்லுக்கும் நகத்துக்கும் நடுவுல ஈரம் தங்கியிருக்கு. அதுல கிருமி வளர்ந்து சாயம் விட்டிருக்கு. மேலோட்டமாத்தான் இருக்கு. சொட்டு மருந்து எழுதித் தரேன், விரல் காஞ்சே இருக்கணும். நகம் விழாது. இந்தக் கறை மட்டும் நகம் வளர வளர முன்னாடி நகர்ந்து போயிடும். நாலஞ்சு மாசம்."

"கல்யாணம் டாக்டர். அடுத்த வெள்ளிக்கெழம" என்றார் சாபிரா.

"தாராளமா பண்ணுங்க. இந்த விரல்ல மட்டும் எதையும் பூசாதீங்க, ஒட்டாதீங்க." டாக்டர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "ஜெல்லை யார் எடுத்தது?"

நர்மதா ஓரடி முன்னால் வந்தாள். "நான்தான் டாக்டர்."

"ஊறவச்சு எடுத்திருக்கீங்க. நல்லது. எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேரு சொரண்டிக்கிட்டு, நகமே காகிதம் மாதிரி ஆகித்தான் வருவாங்க. இது மேல இன்னொரு கோட் அடிச்சு மூடியிருந்தீங்கன்னா கல்யாணத்தன்னிக்கு வந்து நிப்பீங்க."

வெளியே வந்து நர்மதா மூன்று படி இறங்கினாள். நான்காவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நேற்று நாலரை மணியிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாபிரா அவளைக் கடந்து ரோட்டுக்குப் போனார். போய்விட்டார் என்றுதான் நர்மதா நினைத்தாள். எதிர்க் கடையிலிருந்து மூன்று கிளாஸ் நன்னாரி சர்பத்தோடு திரும்பி வந்தார்.

"குடி. மூஞ்சி வெளுத்துப் போயி கீது."

மூன்று பேரும் கிளினிக் படியிலேயே நின்று குடித்தார்கள். பாதிக் கிளாஸ் இறங்கியதும் லுப்னாவுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது.

"அப்போ வலீமா விருந்துல நான் வெறுங்கையோட குந்தணுமா? அவ்ளோ போட்டோ எடுப்பாங்கக்கா."

நர்மதா அவள் கையை வாங்கிப் பார்த்தாள். மற்ற ஒன்பது நகங்களும் ஆரோக்கியமாக இருந்தன. ஆனால் அவற்றின் ஜெல்லையும் எடுத்துவிட வேண்டும், மறுபடி போட அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒட்டி எடுக்கற நகம் செஞ்சித் தர்றேன். கடையில விக்கிற ரெடிமேட் இல்ல. ஒன் ஒவ்வொரு நகத்தையும் அளவெடுத்து, தனியா செஞ்சி, பெயின்ட் பண்ணி, டப்பாவுல தருவேன். சின்ன ஸ்டிக்கர் வச்சி ஒட்டிக்கணும். வோணாம்னா எண்ணெ தடவி கழட்டிடலாம்."

"ஒம்போதுதான? பத்தாவது வெரலு?"

"அதுல மோதிரம் கீது. பாக்கறவங்க கல்லப் பாப்பாங்களா, நகத்தப் பாப்பாங்களா?"

லுப்னா சிரித்துவிட்டாள். சாபிரா சிரிக்கவில்லை. ஆனால் கிளாஸைக் கீழே இறக்கினார்.

"கழட்டிட்டு ஒளு செய்யலாமா?"

"எத்தினி வாட்டி வேணாலும்மா. கழட்டி டப்பால வச்சிட்டு, தொழுதுட்டு வந்து மாட்டிக்கலாம்."

"இத்தன நாளு இது எங்க போச்சி?" என்றார் சாபிரா. ஜெல் போட்டால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செல்லாது என்று அவருக்கும் மகளுக்கும் இரண்டு வருஷமாக வீட்டில் நடந்த சண்டை நர்மதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன்னிடம் எத்தனையோ பேர் 'தொழுகையில்லாத நாளில் வருகிறேன்' என்று சொல்லி மாதம் ஒருமுறை மட்டும் வந்ததும், மூன்றாம் நாளே எடுக்கச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. காரணம் கேட்டதே இல்லை அவள்.

அன்றைக்கு மாலையே எல்லோருக்கும் இன்னொரு செய்தி அனுப்பினாள். ஒரு மணி நேர வேலை இனி இல்லை. பழைய நேரம், பழைய கூலி. ஒரு நாளைக்கு இரண்டு பேர்தான். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். பதினாறு பேர் பார்த்திருந்தார்கள். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால் அவளுக்குப் பயமாகவே இல்லை. நாளைக்குக் காலையில் படியில் ஒருத்தியும் காத்திருக்க மாட்டாள் என்பதே தோள்பட்டைக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி இருந்தது.

ஒன்பது நகங்களுக்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டாள். தந்த நிறம். ஓரத்தில் நூல் பிடித்தாற்போலத் தங்கக் கோடு. ஆள்காட்டி விரலில் மட்டும் மூன்று பொடி முத்துகள். கட்டை விரலுக்கு முதலில் செய்தது அரை மில்லிமீட்டர் அகலமாகத் தோன்றியது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்தாள்.

நிக்காஹ் அன்று லுப்னா கை நிறைய மருதாணியும் கட்டையாக நறுக்கித் தேய்த்த வெறும் நகமுமாக இருந்தாள். மறுநாள் ராயபுரத்தில் ஒரு மஹாலில் வலீமா. நர்மதா பெண்கள் பகுதிக்குப் போய், திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்பது நகங்களையும் ஒட்டிவிட்டாள். கல்யாணப் பெண்ணின் கையில் அவை பிறந்ததிலிருந்து வளர்ந்தவைபோல உட்கார்ந்தன. அந்தி மஃரிப் தொழுகை நேரத்தில் லுப்னா அவற்றைக் கழற்றி டப்பாவில் வரிசையாக அடுக்கிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டபோது சுற்றிலும் பதினைந்து பெண்கள் நின்று வித்தை பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

நர்மதா பந்தியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாபிராவும் அவருடைய நாத்தனாரும்.

"யாரு செஞ்சது இது?" என்று கேட்டார் நாத்தனார்.

"இதோ, இந்தப் பொண்ணுதான். காலடிப்பேட்டையில கட வச்சிகீது." சாபிரா தாழ்ச்சாக் குழம்பை இன்னொரு கரண்டி நர்மதாவின் தட்டில் ஊற்றினார். "லுப்னா வெரல்ல பச்ச புடிச்சிதுன்னு சொன்னேனே, அதுவும் இவ கையாலதான்."

நர்மதா வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"ஐய, அப்பறம் எப்பிடி நம்பி மறுபடி கைய குடுத்தீங்க?"

"எங்களுக்கு எங்க தெரிஞ்சிது அது? நாங்க வேற யாரையோ திட்டிகினு இருந்தோம். இவளே வூடு தேடி வந்து, நான்தாம்மா பண்ணேன்னு சொல்லிட்டா. டாக்டராண்ட வேணாம்னாலும் கூட வந்தா." சாபிரா ஒரு கறித்துண்டைப் பிய்த்தபடி, விலை விசாரிக்கிற குரலில்தான் சொன்னார். "தப்பு பண்ணா தானா வந்து சொல்ற பொண்ணாண்ட தைரியமா கைய நீட்டலாம். மத்தவங்க சொல்லுவாங்களா?"

நர்மதா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கீழே வைத்த கவளத்தை மறுபடி எடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அடுத்த இரண்டு மாசம் கையைக் கடிக்கத்தான் செய்தது. வாரத்துக்கு மூன்று பேர், நான்கு பேர். அம்மா மீன் விற்றுவிட்டு வரும் வழியில் கவலைப்பட்டு ஏறி வந்து, காலி நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். ஆனால் கழற்றி மாட்டும் நகம் மெதுவாக ஊர் சுற்றியது. முதலில் சாபிராவின் நாத்தனார் மகள். பிறகு மணலி புதுநகரிலிருந்து ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் நீள நகம் கூடாது, சனி ஞாயிறு மட்டும் போட்டுக்கொள்ளவேண்டும் அவருக்கு. மீஞ்சூரில் ஒரு நர்ஸ். அளவெடுக்க ஒருமுறை வந்தால் போதும். பெயர் எழுதி அளவைக் குறித்து வைத்துக்கொள்வாள் நர்மதா. அதற்குப் பிறகு போனில் டிசைன் சொன்னால் சின்னப் பெட்டியில் கூரியர் போகும். நேரில் வருகிறவர்களுக்கு இன்னொன்றும் பிடித்திருந்தது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் அறையில் இரண்டு பெண்களைத் தவிர யாரும் இல்லை. புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காலை நீட்டி, வீட்டுக் கதையெல்லாம் பேசலாம். எட்டு மேஜைக் கண்ணாடிக் கடையில் அதற்கு இடமேது?

பளிச்சிலும் கூட்டம் குறையவில்லை. கல்லூரிப் பெண்கள், கம்பெனிக்குப் போகிறவர்கள், நாற்பது நிமிஷத்துக்கு மேல் கையில் நேரமில்லாதவர்கள் அங்கேதான் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள். பளிச்சோடு போட்டி போட்டு ஓடிய அந்த இருபது சொச்ச நாளை நினைக்கத்தான் அவளுக்கு இப்போதும் பிடிக்காது.

தை மாசம் லுப்னா ஒரு போட்டோ அனுப்பினாள். மோதிர விரல். நகத்தின் நுனியில் பச்சை ஒரு பொட்டு அளவுக்கு மிச்சமிருந்தது. கீழே எல்லாம் சுத்தமான, ரோஜா நிற நகம். 'நாளைக்கு இதையும் வெட்டிடுவேன்' என்று எழுதியிருந்தாள். நர்மதா அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மனோகரனை எழுப்பி அவனுக்கும் காட்டினாள். "நகம்" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் படுத்தான்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், முன்பின் தெரியாத ஒரு பெண் மாடியேறி வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். மகிழினி என்றாள்.

"பளிச்சுல வேல பாக்கறேன்க்கா. இன்னிக்கி எனுக்கு லீவு. இத்த எடுத்து வுடணும்." பத்து விரல்களிலும் தடிமனான நீல நகங்களை நீட்டினாள்.

"ஒங்க கடையிலயே எடுத்துக்கலாமே. காசும் கெடையாதுதான?"

"காசில்லதான். ஆனா டிரில் வச்சி அஞ்சு நிமிசத்துல சீவிடுவாங்க." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "நானே நாளைக்குப் பதினோரு பேருக்கு அப்பிடித்தான்க்கா எடுக்கறேன். அதான் தெரியும்."

நர்மதா எதிர் நாற்காலியைக் காட்டினாள். கதவைத் தாழிட்டாள். பஞ்சை நனைத்து ஒவ்வொரு விரலிலும் வைத்து ஃபாயிலைச் சுற்றினாள். பத்து விரலும் வெள்ளிக் குப்பிகளாக மேஜை மேல் நிமிர்ந்து நின்றன.

"எவ்ளோ நேரம் ஊறணும்க்கா?"

"பதினஞ்சு நிமிசம். அவசரமா?"

"அவசரமெல்லாம் இல்ல" என்றாள் மகிழினி. சொல்லிவிட்டு, அந்த வார்த்தையை இன்னொருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஜெராக்ஸ் மெஷின் தாளைத் தள்ளும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நர்மதா சாமான்களை எடுத்துவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். கைகள் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி மேஜை மேலேயே இருந்தன.

பதினைந்து நிமிஷம் ஆனது. நர்மதா அவளை எழுப்பவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுண்டு விரலின் ஃபாயிலை மெதுவாகப் பிரித்து, இளகி வந்த நீலத்தை மரக்குச்சியால் தள்ள ஆரம்பித்தாள்.